அடிக்குறிப்பைப் படித்த முக்கால் மேடம்

திருச்சி மாவட்டத்தில் முக்கால் மேடத்திடம் முழு மார்க் வாங்கிய ஜீவராசி எதுவும் கிடையாது. ஸ்ரீரங்கம் பெருமாளே ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டு வந்து நீட்டியிருந்தாலும், "எழுத்தெல்லாம் சாஞ்சு கெடக்கே, படுத்துண்டே எழுதினேளா?" என்று கேட்டுக் கால் மார்க்கைக் குறைத்துத்தான் அனுப்பியிருப்பார்.

சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஒரு கல்லூரியில் நாங்கள் இருவரும் பொருளியல் துறையில் வேலை பார்த்தோம். கல்லூரியின் பெயர் வேண்டாம். நான் இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். மேடத்துக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. அதை யாரும் உபயோகித்து நான் பார்த்ததில்லை. பத்துக்கு ஏழே முக்கால், ஆறே முக்கால், அபூர்வமாக எட்டே முக்கால் என்று போடுவதால் முக்கால் மேடம். எதிரில் மேடம், முதுகுக்குப் பின்னால் முக்கால். அவருக்கும் தெரியும். "முழுசா இல்லேன்னு தெரிஞ்சவாதான் மேலே படிப்பா" என்பார்.

வெளுத்த காட்டன் புடவை, காலில் ஓட்டப் பந்தய ஷூ, தலையில் ஹெல்மெட். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் மாட்டிய ஹெல்மெட்டை எங்கள் ஸ்டாஃப் ரூமில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கழற்றுவார். ஒரு நாள் நேரமாகிவிட்டதென்று ஹெல்மெட்டோடு தேர்வு ஹாலுக்குள் போய்விட்டார். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று தெரியாமல், மூன்று மணி நேரமும் அறுபது பேர் நேர்மையாகப் பரீட்சை எழுதினார்கள்.

இப்படிப்பட்டவரைக் கட்டிப்போடத்தான் ரூப்ரிக் வந்தது.

ரூப்ரிக் என்றால் மதிப்பீட்டு அட்டவணை. இடது பக்கம் ஐந்து வரிகள்: நோக்கம், தரவு, பகுப்பாய்வு, மேற்கோள், அமைப்பு. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நாலு வரை கட்டங்கள். ஆக மொத்தம் இருபது. கடைசி வருஷ மாணவர்களின் ஆய்வுக் கட்டுரைகளை இனி இதை வைத்துத்தான் திருத்த வேண்டும் என்று எங்கள் முதல்வர் கூட்டம் போட்டுச் சொன்னார். கல்லூரியைத் தரம் பார்க்கக் குழு வரப்போகிற வருஷம் அது.

"இனிமே யாரும் மனசுக்குத் தோணினபடி மார்க் போட முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு முதல்வர் மேடத்தைப் பார்த்தார்.

மேடம் எழுந்தார். "சார், இதுல முக்கால் எங்க போடறது?"

"முக்கால் கிடையாதுங்க மேடம். முழு எண்தான்."

மேடம் உட்கார்ந்துவிட்டார். ஒரு ராஜ்ஜியம் விழுந்ததைக் கண்ணால் பார்த்தது போல எங்களுக்கு இருந்தது. மாணவர்கள் கேன்டீனில் கேசரி வாங்கிக் கொண்டாடினார்கள்.

அவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். மேடம் அந்த ஒற்றைத் தாளை வீட்டுக்கு எடுத்துப் போய் மூன்று தடவை படித்தார். மறுநாள் அதை லேமினேட் செய்து கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். கட்டிப்போட வந்த கயிற்றை அவர் சாட்டையாக்கிக்கொண்டார்.

முதல் பலி கேன்டீன் சாம்பார். "நோக்கம் புரியறது. தரவு போறலை, பருப்பு எங்க? அமைப்பு சுமார். இருபதுக்கு ஏழு." கேன்டீன்காரர் பயந்துபோய் அடுத்த வாரமே பருப்பைக் கூட்டினார். அடுத்தது, மேடத்தின் தம்பி மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை. அவரை மேடம் எப்படி மதிப்பிட்டார் என்பதை மறுநாள் எங்களிடம் விளக்கினார்.

"அமைப்பு நாலு, குத்தம் சொல்ல முடியாது. ஆனா நோக்கம் தெளிவாயில்லை. 'லைஃப்ல செட்டில் ஆகணும் ஆன்ட்டி'ங்கறான். எதுல, எப்போன்னு கேட்டா முழிக்கறான்."

கல்யாணம் அவரைக் கேட்காமலே நடந்தது. மேடையேறி அட்சதை போட்டுவிட்டு மாப்பிள்ளையிடம், "திருத்திண்டா மறுமதிப்பீடு உண்டு" என்று ஆசீர்வதித்து இறங்கினார்.

நானும் தப்பவில்லை. ஒரு மாணவன், தென்னூரில் இருபது கடைக்காரர்களைப் பேட்டி கண்டதாக எழுதியிருந்தான். மேடம் என்னைப் பார்த்து, "கெளம்புங்கோ" என்றார். அவர் ஸ்கூட்டர் பின்னால் நான். இன்னொரு ஹெல்மெட் இல்லாததால் வழியெல்லாம் எனக்கு அறிவுரை. கட்டுரையில் இருந்த முதல் கடை, பாத்திரக் கடை.

"பாய், எங்க காலேஜ் பையன் யாராவது வந்து கேள்வி கேட்டானா?"

"யாரும் வரலீங்களே மேடம். நீங்க உக்காருங்க, டீ சொல்றேன்."

இருபது கடைகளிலும் அதே பதில். ஏழு கடைகளில் டீ. வந்தது வந்தோம் என்று மேடமே நோட்டை எடுத்து எல்லோரையும் பேட்டி கண்டுவிட்டார். மறுநாள் அந்த மாணவனைக் கூப்பிட்டு, "உன் தரவை நான் சேகரிச்சுட்டேன். தரவுக்கு எனக்கு நாலு, உனக்குப் பூஜ்யம்" என்றார். அவன் அன்று சாயங்காலமே தென்னூருக்கு ஓடினான்.

இதெல்லாம் சிரிப்போடு போயிற்று. கார்த்தியின் கட்டுரை வந்தபோதுதான் சிரிப்பு நின்றது.

கார்த்தி எங்கள் தாளாளருடைய அக்கா மகன். கட்டுரை சிவப்பு பைண்டிங்கில் தங்க எழுத்தோடு ஜொலித்தது. கிராமத்துப் பெண்களும் கறவை மாடுகளும் என்று தலைப்பு. எல்லோரும் கட்டுரையை முதல் அத்தியாயத்திலிருந்து படிப்போம். மேடம் அட்டைக்கு அடுத்த பக்கத்திலிருந்து, நன்றியுரையிலிருந்து படிப்பார். படித்தவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

'இவ்வாய்வு முழுமை பெற உறுதுணையாக நின்ற என் அன்புக் கணவருக்கும், என் இரு குழந்தைகளுக்கும் நன்றி.'

கார்த்திக்கு அப்போது இருபது வயது. மீசையே பாதிதான் வந்திருந்தது.

யாரோ ஒரு அம்மாள் எங்கோ எழுதிய ஆய்வு. ப்ராஜெக்ட் விற்கும் கடையில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மேடம் ஐந்து வரிகளிலும் பூஜ்யம் போட்டுக் கீழே கையெழுத்திட்டார்.

திருத்த வந்த அதே கட்டுக்குள் நஸ்ரினின் கட்டுரையும் இருந்தது. நஸ்ரின் பாலக்கரைப் பெண். அவள் தெருவிலிருந்து அரியமங்கலம் பட்டறைகளுக்கு வேலைக்குப் போகும் பெண்களோடு, ஒரே ஷேர் ஆட்டோவில் இரண்டு வாரம் இடித்துப் பிடித்துக்கொண்டு போய், அவர்கள் பேசியதைக் கேட்டு எழுதியிருந்தாள். கோடு போட்ட தாளில், தமிழில், கையால். பைண்டிங் கிடையாது, சணல் நூலால் தைத்திருந்தாள். சில பக்கங்களில் கிரீஸ் கறை. ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அந்த ஆட்டோவில் வரும் எட்டுப் பேரின் வேலையும் எப்படி ஆட்டம் காண்கிறது என்று அவள் எழுதியிருந்த பக்கத்தை மேடம் இரண்டு முறை படித்தார். எங்கள் துறைத் தலைவரோ, டைப் செய்யாத கட்டுரையை வாங்கவே கூடாது என்றார்.

"வாங்கக் கூடாதுன்னு எங்க போட்டிருக்கு? அமைப்பு சரியில்லேன்னா அமைப்புலதான் குறைக்கணும்" என்றார் மேடம். நோக்கம் நாலு, தரவு நாலு, பகுப்பாய்வு நாலு, மேற்கோள் மூன்று. அமைப்புக்கு ஒன்று. மொத்தம் பதினாறு. துறையிலேயே அதுதான் அதிகம்.

நஸ்ரினுக்குத் திருப்தியில்லை. "மேடம், எல்லாரும் உங்களைத் திட்டினப்பல்லாம் நான்தான் சப்போர்ட் பண்ணிப் பேசினேன். எனக்குப் போய் ஒண்ணு போட்டிருக்கீங்களே!"

"அதுக்குக் கட்டம் இல்லையேம்மா."

அன்று மத்தியானம் முதல்வர் அறைக்கு அழைப்பு வந்தது. துணைக்கு வாருங்கள் என்று மேடம் என்னையும் இழுத்துப் போனார். உள்ளே முதல்வரோடு தாளாளரும் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் சிவப்பு பைண்டிங்.

"மேடம், கொஞ்சம் பெருந்தன்மையா பாருங்க" என்று முதல்வர் ஆரம்பித்தார். "எல்லாருக்கும் பதினஞ்சுக்குக் குறையாம வந்தா காலேஜுக்கும் நல்லது. பையன் சாரோட அக்கா மகன்."

மேடம் கைப்பையிலிருந்து லேமினேட் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். "அக்கா மகன் எந்தக் கட்டத்துல வரது சார்?"

தாளாளர் நிமிர்ந்தார். "ஒரு பக்கம் தப்பா அச்சாயிருக்கும். அதுக்குன்னு எல்லாத்துக்கும் பூஜ்யமா?"

"நான் போடலை. பிரின்சிபால் சார் போட்டிருக்கார்" என்று மேடம் தாளின் அடியில் விரலை வைத்தார். எறும்பு அளவு எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு. நாங்கள் யாரும் படிக்காதது. எங்கிருந்தோ அட்டவணையை எடுத்துத் தந்த முதல்வரும் படிக்காதது. 'கட்டுரை மாணவரின் சொந்த முயற்சியாக இல்லாவிடில் எல்லா வரிகளுக்கும் பூஜ்யமே வழங்கப்பட வேண்டும்.' அதற்குக் கீழே முதல்வரின் பச்சை மைக் கையெழுத்து.

"கையெழுத்து உங்களோடதுதானே சார்? இல்லேன்னா சொல்லுங்கோ, அதுக்கும் பூஜ்யம் போட்டுடறேன்."

தாளாளர் பற்களுக்கு நடுவிலிருந்து, "வேற யார்கிட்டயாவது குடுத்துத் திருத்தச் சொல்லுங்க" என்றார். முதல்வரின் பார்வை அறை முழுக்கச் சுற்றி என்மேல் வந்து நின்றது.

நான் ஒப்பந்த விரிவுரையாளன். ஒவ்வொரு வருஷமும் மே மாதத்தில் என் தலையெழுத்து புதுப்பிக்கப்படும். கட்டுரையை வாங்கிக்கொண்டேன். ஸ்டாஃப் ரூமில் ஒரு மூலையில் திரும்பி உட்கார்ந்து கூட்டினால் பதினைந்து வருகிற மாதிரி கட்டங்களை நிரப்பினேன். நிமிர்ந்தால் மேடம் நிற்கிறார். திட்டுவார் என்று காத்திருந்தேன். தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பென்சில்ல போட்டிருக்கேள்."

"ஆமா மேடம்."

"நல்லது. அழிக்கலாம்."

தன் மேசை டிராயரிலிருந்து ஒரு ரப்பரை எடுத்து வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். அந்த ரப்பரை நான் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அழித்தேன். பேனாவால் ஐந்து பூஜ்யம் போட்டு, மனசு மாறுவதற்குள் கையெழுத்திட்டு, முதல்வர் அறையில் கொடுத்துவிட்டு வந்தேன். வாழ்க்கையில் நான் செய்த ஒரே வீரச்செயல் அது. அந்த வருஷம் என் நியமன உத்தரவு ஜூலை கடைசியில்தான் வந்தது. அதுவரை என் வீட்டில் மேடத்தின் பெயரை எடுக்கவே முடியவில்லை.

விஷயம் வெளியே கசிந்து, கார்த்தி நடமாட முடியாமல் போயிற்று. "மாப்ள, உங்க வீட்டுக்காரர் சௌக்கியமா?" என்று வராந்தாவெல்லாம் கேலி. மேடம் காதில் அது விழுந்தது. கேலி செய்த நாலு பேரின் கட்டுரைகளையும் வரவழைத்து, இன்னொரு தரம் சல்லடை போட்டுச் சலித்தார். கேலி அன்றோடு நின்றது.

இரண்டு நாள் கழித்துக் கார்த்தி ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றான்.

"மேடம், நான் வேற எழுதித் தரேன்."

"யாரு எழுதுவா?"

"நானேதான் மேடம். ஆனா மோசமா இருக்கும்."

"மோசமா இருக்கட்டும். உன்னுதா இருக்கட்டும்."

சத்திரம் பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள தள்ளுவண்டிக்காரர்கள் காலையிலிருந்து மாலைவரை நிழலைத் துரத்தி எப்படியெல்லாம் இடம் மாறுகிறார்கள் என்று எழுதினான். பத்து நாள் வெயிலில் நின்று முகமே கறுத்துவிட்டது. மேற்கோள் கிடையாது, பகுப்பாய்வு தள்ளாடியது. மேடம் ஒன்பது போட்டார். தேர்ச்சிக்கு எட்டு போதும். தாளாளர் அந்த மார்க்கைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாராம். கார்த்தியோ அந்த ஒன்பதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தான்.

அடுத்த வருஷம் புது அட்டவணை வந்தது. அடிக்குறிப்பைக் காணவில்லை. கட்டுரை திருத்துவோர் பட்டியலில் மேடத்தையும் காணவில்லை. அவரைக் கழிப்பறைப் பராமரிப்புக் குழுவுக்குத் தலைவராக்கினார்கள். அவமானப்படுத்துவதாக நினைத்தார்கள். மேடம் லேமினேட் தாளோடு ஒவ்வொரு கழிப்பறையாக ஏறி இறங்கி மார்க் போட்டு, பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். முதல்வரின் சொந்தக் கழிப்பறைக்கு இருபதுக்கு ஆறு. பெண்கள் கழிப்பறைக் கதவுகளுக்கு, வருஷக்கணக்காகக் கேட்டும் வராத தாழ்ப்பாள்கள் ஒரே வாரத்தில் வந்தன.

இதில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. மார்க் போடும் அதிகாரமே இல்லாத மேடத்தைத் தேடி மாணவர்கள் கட்டுரைகளோடு வந்தார்கள். "மார்க்கெல்லாம் வேண்டாம் மேடம், சும்மா படிச்சுட்டுச் சொல்லுங்க." மற்றவர்கள் எல்லோரும் பதினெட்டு, பத்தொன்பது என்று வாரி வழங்கிக்கொண்டிருந்தோம். உண்மையில் எவ்வளவு தேறும் என்று தெரிந்துகொள்ள அவர் ஒருவர்தான் இருந்தார்.

போன பங்குனியில் அவருக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். இரண்டு வாரம் எதையும் படிக்கக் கூடாது என்று டாக்டர் கட்டளை. வீட்டில் மாணவர்கள் கொடுத்துவிட்டுப் போன கட்டுரைகள் குவிந்து கிடந்தன. கல்லூரி விட்டதும் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போய், கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருப்பவருக்கு எதிரில் நாற்காலி போட்டு, தினம் ஒரு கட்டுரை வாசித்தேன். கமாவை விட்டுவிட்டு வாசித்தால்கூடக் கண்டுபிடித்தார். இந்த இம்சை என்றைக்கு முடியுமோ என்று பஸ்ஸில் தினமும் புலம்பினேன்.

டாக்டர் படிக்கலாம் என்று சொன்னதற்கு மறுநாளும் போனேன்.

"இனிமே நானே படிக்கலாம்னுட்டாரே டாக்டர். சொன்னேனே உங்களுக்கு?" என்றார்.

"தெரியும் மேடம்."

புதுக் கண்ணாடி வழியாக என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேசைமேல் இருந்த கட்டுரையை என் பக்கம் நகர்த்தினார்.

"சரி, நேத்து விட்ட எடத்துலேர்ந்து படிங்கோ."