ரத்தத்தோடு சண்டை போட்ட வடை அக்கா

எனக்குக் கோவையாக எழுத வராது. படிப்பு ஆறாம் வகுப்போடு சரி, மறதி வேறு. பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை அடித்துச் சொல்வேன்: இந்த நாட்டில் தன் ரத்தத்தோடேயே சண்டை போட்ட ஒரே மனுஷி கிள்ளான் வடை அக்காதான்.

சர்க்கரை ஏறி நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்துக் கட்டிலில் அவர்; கிள்ளான் டவுனில் வடைக்கடை போட்டிருப்பவர். காலில் ஆறாத புண். நல்ல கனத்த சரீரம். அவர் திரும்பிப் படுத்தால் என் கட்டில் நகரும்.

ஒரு நாள் டாக்டர் பெண் வந்து, "ஆன்டி, உங்க ரத்தத்துல அல்புமின்ங்கிற புரதச் சத்து ரொம்பக் கம்மி. சரியா சாப்பிடாததால இருக்கலாம். இப்படியே போனா புண்ணு ஆறாது, வீட்டுக்கும் அனுப்ப முடியாது" என்றார்.

"யாருக்கு? எனக்கா? கிள்ளான்ல பாதி ஆம்பளைங்க தொப்பை நான் போட்டது லா! வேற யாரு ரத்தத்தையோ மாத்திட்டீங்க!"

மறுபடி ரத்தம் எடுப்பதற்குள் அதை ஏற்றிக் காட்டுவதாகச் சபதம். மகளிடம் சொல்லி அவித்த முட்டைகளை வரவழைத்து, தலையணைக்கடியில் ஒளித்து, விடிந்ததும் விழுங்க ஆரம்பித்தார். நர்ஸ் ஊசியோடு வந்தபோது வாயில் ஒரு முழு முட்டை.

"ஆன்டி, பேரு சொல்லுங்க."

"ம்ம்."

"பிறந்த தேதி?"

"ம்ம்ம்ம்!"

மூச்சுத் திணறல் என்று பயந்து நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

ரிசல்ட் வந்தது. கடுகளவும் ஏறவில்லை. அக்கா தன் கையைப் பார்த்தே, "துரோகி!" என்றார்.

டாக்டர் சிரித்துவிட்டார். "காலையில ஊத்தினா உடனே ஏற இது பெட்ரோல் மீட்டரா, ஆன்டி? புண்ணுல கிருமி இருந்தாலும் இது எறங்கும். ரத்தத்தை மட்டும் வெச்சுச் சொல்ல முடியாது. நீங்க என்ன சாப்பிடுறீங்கன்னு பார்க்கணும்."

அதைப் பார்க்க டயட்டிஷியன் பெண் வந்தார். சாப்பாட்டு வேளையில் ஓரமாக நின்றார். குட்டு உடைந்தது. அக்காவின் மீன் ஜன்னலோரப் பாட்டிக்கு, பால் எதிர்க் கட்டில் மலாய்க்கார அம்மாவுக்கு, கோழித்துண்டு எனக்கு. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வந்தாலும் அவர் விடமாட்டார்.

"தின்னு! சுத்தியுள்ளவங்க வயிறு நெறையாம எனக்கு எறங்காது."

கடையிலும் அப்படித்தானாம். எல்லாரும் தின்று போன பிறகு ஒரு டீ, உடைந்த வடை. அவ்வளவுதான் அவர் சாப்பாடு.

டயட்டிஷியன் யோசித்தார். "சரி ஆன்டி. மொதல்ல வார்டு சாப்பிடட்டும். எல்லாரும் காலித் தட்டைத் தூக்கிக் காட்டுவாங்க. அப்புறம் நீங்க சாப்பிடணும். ஓகேவா?"

அன்று முதல் நாங்கள் தட்டைத் தூக்க, அக்கா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து சோதனை போடுவார். "ஏய் ஜன்னலோரம்! அந்தக் கத்திரிக்கா என்ன பாவம் செஞ்சிச்சி?" எல்லாம் காலியானதும் தன் தட்டை இழுத்து, மீனின் முள்வரைக்கும் சுத்தமாகச் சாப்பிடுவார். மெல்ல மெல்லப் புண் ஆறி, எனக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்தச் சத்தின் பெயரைச் சரியாக எழுதினேனா என்று தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். இப்போதும் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் தனியாகச் சாப்பிட்டு முடித்ததும், தட்டைக் கிள்ளான் பக்கமாக ஒருதரம் தூக்கிக் காட்டுகிறேன். என் சமையலறை ஜன்னல் கிள்ளான் பக்கம்தான் பார்க்கிறதா என்பதையும் யாராவது சொன்னால் நல்லது.