எங்கள் தெருவுக்கு நான் போட்ட சிவப்புக் கோடு

தாம்பரத்துக்குக் கிழக்கே வீடு கட்டியிருக்கும் யாரிடமும் சம்பளம் எவ்வளவு என்று கேட்கலாம். சர்க்கரை அளவு கேட்கலாம். பையனுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்றுகூடக் கேட்டுவிட்டு உயிரோடு திரும்பலாம். ஆனால் "மழைக்கு உங்க வீட்டுல தண்ணி வந்துச்சா?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். நீங்கள் வீடு வாங்க வந்தவரா, வரி போட வந்தவரா, வேறு யாராவது அனுப்பி வந்தவரா என்று கண்ணாலேயே விசாரித்துவிட்டு, "எங்க தெருவுலயா? சேச்சே. அடுத்த தெருவுலதான்" என்பார். அடுத்த தெருவுக்குப் போனால் அவர்கள் நம் தெருவைக் கை காட்டுவார்கள்.

பி.எட். படித்த காலத்தில் இந்த ஞானம் எனக்கு இல்லை. அப்போது எனக்கு இருந்ததெல்லாம் ஒரு அளவு டேப்பும், அடையாள அட்டையும், உலகத்தைத் திருத்தப் பிறந்தவள் என்ற எண்ணமும்தான். கற்பித்தல் பயிற்சிக்காக ஒன்பதாம் வகுப்புக்குக் காலநிலை மாற்றம் பற்றிப் பாடம் எடுக்க வேண்டும். நான் பஞ்சை ஒட்டிப் பனிமலை செய்து கொண்டுபோய்க் காட்டினேன். எங்கள் விரிவுரையாளர் அதை ஓரமாக நகர்த்தி வைத்தார். "பனிக்கரடிய விடும்மா. மாடம்பாக்கத்துல கரடி இல்ல. மழை முன்ன மாதிரி பெய்யுதா, கொஞ்ச நேரத்துல மொத்தமாக் கொட்டுதா, கொட்டுனா உன் தெருவுல தண்ணி எங்க போகுது, அதக் கொண்டா" என்றார்.

எங்கள் தெருவில் தண்ணீர் எங்கே போகும் என்பது எனக்குத் தெரியும். நேராக எங்கள் வீட்டு ஹாலுக்குத்தான். பெருமழை பெய்த வருடம் நானும் அம்மாவும் கிரைண்டரை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஆனால் தெருவின் நலச்சங்கச் செயலாளரான என் அப்பா லோகநாதன், மறுநாளே எல்லோரிடமும் "வாசல்ல லேசா ஈரம், அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டார். (அந்த ஈரத்தில் எங்கள் கேஸ் சிலிண்டர் மிதந்தது.)

நான் நோட்டோடு வீடு வீடாகப் போனேன். இருபத்திரண்டு வீடு. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வந்ததாக ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு மாமி "யாருக்காகம்மா கேக்குற?" என்று மூன்று தடவை கேட்டார். இன்னொருவர் என் அடையாள அட்டையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டார். எனக்கும் சந்தேகப்புத்தி அப்பா வழியில் வந்ததுதான். மொத்தத் தெருவும் கூட்டுச்சதி செய்து அறிவியலை மறைக்கிறது என்று முடிவு கட்டினேன். சாட்சிகள் பொய் சொன்னால் தடயத்தைப் பேச வைக்க வேண்டியதுதான்.

தடயம் இருந்தது. தெருக்கோடியில் தண்ணீர்த் தொட்டியின் சுவருக்கு யாரும் வெள்ளையடிப்பதில்லை. அதில் வெள்ளம் நின்ற இடத்தில் பழுப்புக் கறை நேர்கோடாக அப்படியே இருந்தது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் நீளமான பிளாஸ்டிக் டியூபை வைத்திருப்பார்களே, அதில் ஒன்றை இரவல் வாங்கினேன். அதன் ஒரு முனையில் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறதோ, மறுமுனையிலும் அதே உயரத்தில்தான் நிற்கும். கறையிலிருந்து பக்கத்து வீட்டுச் சுவருக்கு, அங்கிருந்து அடுத்த சுவருக்கு என்று மட்டத்தைக் கடத்திக்கொண்டே போனால், ஒவ்வொரு வீட்டிலும் வெள்ளம் எவ்வளவு உயரம் நின்றது என்று தெரிந்துவிடும். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இதுவரை எல்லாம் சரி. இதன் பிறகு நான் செய்ததற்கு இன்றுவரை என்னிடம் விளக்கம் இல்லை. கோட்டை சாக்பீஸால் போட்டிருக்கலாம். ஆனால் அறிவியல் சான்று அழியக் கூடாது என்று தீர்மானித்து, எங்கள் கேட்டுக்கு அடித்தது போக மிச்சமிருந்த சிவப்பு பிரைமர் டப்பாவை எடுத்துக்கொண்டேன்.

எல்லோரும் ஆபீஸ் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, ஒரு புதன்கிழமை மதியம், பல்லாவரத்திலிருந்து என் வகுப்புத்தோழி ரேவதி வந்தாள். வெயிலுக்கு இருவரும் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டோம். வரிசையாக ஒவ்வொரு காம்பவுண்டு சுவரிலும் சிவப்பில் ஒரு கோடு, ஒரு அம்புக்குறி, தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று ஓர் எண். தெருமுனை வீட்டுக்கு 41. உள்ளே வர வர 55, 63, 78.

"உங்க வீட்டுல போடலயா?" என்றாள் ரேவதி.

"எங்கப்பா சுவத்துக்கு பெயிண்ட் அடிச்சு ஒரு வாரம்தான் ஆகுது. கொன்னுடுவாரு."

அதாவது மற்ற இருபத்தொரு வீட்டுச் சுவர்களைப் பற்றி எனக்குக் கவலையே இருக்கவில்லை.

நம் பக்கத்தில் சுவரில் சிவப்புக் கோடும் எண்ணும் தெரிந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இடிக்கப் போகிறார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குள் தெருவின் வாட்ஸ்அப் குழு தீப்பிடித்தது. ஏரிப் புறம்போக்கு என்றார் ஒருவர். ரோடு அகலமாகிறது என்றார் இன்னொருவர். 78 என்றால் எழுபத்தெட்டு அடி உள்ளே இடிப்பார்கள் என்று கணக்குச் சொன்னவரின் வீட்டின் மொத்த நீளமே ஐம்பதடிதான். 41 எண் வாங்கியவரோடு 63 எண் வாங்கியவர் பேச்சை நிறுத்தினார். 41 எண்காரர் எங்கேயோ "கவனித்து" எண்ணைக் குறைத்துக்கொண்டாராம். முகத்தை மூடிய இரண்டு பெண் அதிகாரிகள் ஜீப்பில் வந்ததாகப் பார்த்த சாட்சியும் கிடைத்தது. (வந்தது ரேவதியின் ஸ்கூட்டி மட்டும்தான்.)

நான் அன்றே சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பா, "எவன் பண்ணியிருந்தாலும் கைய ஒடிக்காம விட மாட்டேன்" என்று ஹாலில் நடந்துகொண்டிருந்தார். பிறகு கலெக்டருக்கு மனு எழுத உட்கார்ந்தார். அவர் சொல்லச் சொல்ல நான்தான் டைப் செய்தேன். "மர்ம நபர்கள்" என்ற இடத்தில் "சமூக விரோத மர்ம நபர்கள்" என்று சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளையார் கோயில் பக்கத்து ஷெட்டில் அவசரக் கூட்டம். அப்பா மனுவை வாசித்து முடித்தார். அப்போது தனசேகர் அண்ணன் எழுந்தார். எங்கள் தெருவிலிருக்கும் மனைகள் எல்லாம் ஒரு காலத்தில் அவர் குடும்பத்து நிலம். பிரித்து விற்றதும் அவர்தான்.

"மனுலாம் நல்லாத்தான் கீது சார். இருவத்தொரு வூட்டாண்டயும் கோடு போட்டுக்கினு போனவன், உங்க வூட்ட மட்டும் ஏன் சார் வுட்டுட்டான்?"

எல்லோரும் அப்பா பக்கம் திரும்பினார்கள்.

"எனக்கெப்படித் தெரியும்?" என்றார் அப்பா.

"செயலாளருக்குத் தெரியாம எவன் சார் தெருவுக்குள்ள வருவான்? உங்களுக்கு முன்னாடியே தகவல் வந்துகீது. நீங்க மட்டும் தப்பிச்சிகினு, எங்கள மனுல கையெழுத்து போட சொல்றீங்க."

பின்வரிசையில் யாரோ "அதான், போன வாரமே பெயிண்ட் அடிச்சாரு" என்றார். பதினான்கு வருடமாகக் குழாய்த் தண்ணீருக்கும் தெருவிளக்குக்கும் அலைந்த மனிதர் அப்பா. ஒருவராவது தனக்காகப் பேசுவார் என்று சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் தனசேகர் அண்ணனுக்குத்தான் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் சங்கத்தின் நோட்டை மூடி மேஜைமேல் வைத்தார். அதைப் பார்த்த பிறகு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"கோடு போட்டது நான்தான்" என்றேன்.

இந்த இடத்தில் எல்லோரும் என்மேல் பாய்வார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் நம்பவில்லை.

"அப்பாவக் காப்பாத்தணும்னு சொல்லுதுப்பா" என்றார் 63. பாடத்திட்டம், காலநிலை மாற்றம், தொட்டிச் சுவரின் கறை என்று நான் விளக்க விளக்க அவர்கள் முகத்தில் இரக்கம் கூடிக்கொண்டே போனது. அடையாள அட்டையைப் போட்டோ எடுத்தவர் மட்டும் போனைத் திறந்து, அட்டை போலியாக இருக்குமோ என்று பெரிதாக்கிப் பார்த்தார்.

"நீதான்னா, எங்க கண்ணெதிர்ல உங்க வூட்டு செவுத்துல போட்டுக் காட்டு" என்றார் தனசேகர் அண்ணன்.

மொத்தக் கூட்டமும் எங்கள் வீட்டுக்கு வந்தது. டியூபின் ஒரு முனையைப் பக்கத்து வீட்டுக் கோட்டில் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். அப்பாவே பிடித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. டியூபில் தண்ணீர் மேலும் கீழும் ஆடி நின்றது. பெயிண்ட் அடித்து இரண்டு வாரம்கூட ஆகாத சந்தன நிறச் சுவரில் சிவப்புக் கோடு போட்டேன். டேப்பை வைத்து அளந்தேன். 94. தெருவிலேயே அதிகம்.

அம்மா வாசலில் நின்றிருந்தார். "சரியாத்தான் இருக்கு. சோபாவோட கைப்பிடி வரைக்கும் வந்துச்சு" என்றார். அப்பா பூத்தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன் பிறகுதான் பூகம்பம். கோடு இடிப்பதற்கு அல்ல, வெள்ளத்துக்கு என்று புரிந்ததும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? கோபம் இரண்டு மடங்கானது. "இடிச்சாலாவது நஷ்டஈடு வாங்கலாம். இத எழுதி வெச்சா எவன்மா வாடகைக்கு வருவான்?" என்றார் 78. கையோடு எல்லோரும் தனசேகர் அண்ணன் பக்கம் திரும்பினார்கள். மேட்டு நிலம் என்று சொல்லித்தானே விற்றீர்கள் என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள்.

"நான் எப்ப மேடுன்னேன்?" என்றார் அவர், நிதானமாக. "மூணு போகம் நெல்லு வெளைஞ்ச எடம்னு சொல்லித்தான் வித்தேன். கேட்டுட்டு நீங்களும் நல்ல மண்ணுன்னு சந்தோசமா வாங்குனீங்க. தண்ணி நிக்காத எடத்துல எங்க சார் நெல்லு வெளையும்?"

பி.எட்.டில் இரண்டு வருடம் படித்த புவியியலைவிட அந்த ஒரு வரியில் அதிகம் கற்றுக்கொண்டேன். அடுத்த வாரம் வகுப்பில் அதைத்தான் கரும்பலகையில் எழுதிப் பாடத்தை ஆரம்பித்தேன். விரிவுரையாளர் நல்ல மதிப்பெண் போட்டுவிட்டு, "பிரைமர் தேவையாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

கூட்டம் நடந்த அன்று மாலைக்குள் எல்லாச் சுவரிலும் வெள்ளையடித்துவிட்டார்கள். அப்பா மட்டும் எங்கள் சுவரைத் தொடவில்லை. "அழிச்சா மறுபடி எதையோ மறைக்கிறேன்னு சொல்வானுங்க" என்றார். என்னோடு பேச அவருக்கு ஒன்பது நாள் ஆனது.

இப்போது நான் பக்கத்துப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. எங்கள் தெருவில் வீடு விலைக்கு வந்தால், பார்க்க வருபவரைத் தெருமுனையிலேயே டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு, தரகு பார்க்கும் தனசேகர் அண்ணன் முதலில் எங்கள் கேட்டுக்குத்தான் வருவார்.

"டீச்சர் வூட்ல கீறாங்களா சார்?"

"இல்லையே, ஸ்கூலுக்குப் போயிருக்கா" என்பார் அப்பா. ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் அதையேதான் சொல்வார். சுவரிலிருக்கும் 94-க்கு அர்த்தம் சொல்ல ஆளில்லை என்று அண்ணன் நிம்மதியாகப் போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வருவார். அவர்கள் சரியாக எங்கள் கேட்டைத் தாண்டும்போது அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்.

"சுகன்யா, வெளிய வாம்மா. சாருக்கு உன்கிட்ட ஏதோ கேக்கணுமாம்."