முற்றத்தில் மல்லாந்த அலுமாரி

விடத்தல்தீவு,
தை மாதம், 1993.

அன்புமிக்க மச்சான் பரமநாதன் அவர்களுக்கு,

இரத்தினம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இறைவன் அருளால் நானும் தங்கள் தங்கை இராசேஸ்வரியும் உயிரோடும் மிச்சமிருக்கும் பற்களோடும் இவ்விடம் இருக்கிறோம். அவ்விடம் கனடாப் பனியில் தாங்களும் மனைவி மக்களும் மூக்குக் காது விறைக்காமல் வாழத் திருக்கேதீச்சரத்தானை வேண்டுகிறோம். கோயிலுக்குப் போகப் பாதை இல்லாதபடியால் குசினி அடுப்படியில் நின்றே வேண்டுகிறோம்.

தங்கள் கடிதம் வவுனியா போய்வந்த ஒருவர் கையில் கிடைத்தது. வீடு எப்படி, கூரை ஒழுகுகிறதா, கலியாண அலுமாரியைக் கறையான் அரிக்காமல் பார்க்கிறீர்களா என்று கேட்டிருந்தீர்கள். கூரை ஒழுகவில்லை. கிணறு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அலுமாரியும் நலமே. ஆனால் அது இப்போது முற்றத்தில் மல்லாந்து கிடக்கிறது. அதற்குள் கத்தரி காய்க்கிறது. மச்சான், இந்த இடத்தில் கடிதத்தைக் கசக்கி எறியாமல் மிச்சத்தையும் வாசிக்க வேண்டுகிறேன்.

அடம்பனில் ஷெல் விழத் தொடங்கியதும் உடுத்த உடுப்போடு ஓடிவந்து, தாங்கள் இங்கே படிப்பித்த காலத்தில் கட்டிய வீட்டில் நாங்கள் குந்தியிருப்பது தங்களுக்குத் தெரியும். ஊர் நல்ல ஊர், சனம் தங்கமான சனம். ஆனால் இங்கே வலையில் விழுவதைத் தவிர வேறு சாப்பாடு இல்லை. அடம்பன் ரோட்டுப் பூட்டின நாளிலிருந்து ஒரு வெண்டிக்காய் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. உங்கள் தங்கச்சியோ பிறந்ததிலிருந்து மீன் மச்சம் தொடாதவ. பக்கத்து வீட்டு லூசியா, புருசன் கடலோடு போனபிறகு தனிய மீன் விற்றுச் சீவிக்கிற மனுசி, பாவம் பார்த்து மீன் குழம்பு கொண்டு வருவா. இவ மூக்கைப் பொத்திக்கொண்டு நன்றி சொல்லுவா. சோறும் புளித்தண்ணியும், சோறும் செத்தல் மிளகாயும். கடைசியில் சோற்றையும் ஒதுக்கத் தொடங்கிவிட்டா. பேச்சும் குறைஞ்சு போச்சு. முப்பது வருசமாக என்னை ஓயாமல் ஏசின மனுசி ஏசாமல் இருந்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கோ. அவவின் காப்பு முழங்கை வரைக்கும் ஏறி இறங்குறதைக் கண்டபிறகுதான் நான் மண்வெட்டியைத் தூக்கினேன்.

நிலத்தில் நட்டது எல்லாம் செத்தது. இந்த வளவு மண்ணை நாக்கில் வைத்தால் கறிக்கு உப்புத் தேவையில்லை. ஆகையால் பாத்தியை நிலத்துக்கு மேலே உயர்த்திக் கட்டி, வேறு மண் நிரப்பவேண்டும் என்று கச்சேரிக் கந்தோரில் வேலை செய்த மூளையால் தீர்மானித்தேன். கல்லு இல்லை. சீமெந்துக்குத் தடை. பலகை எல்லாம் சனம் பங்கருக்கு மேலே போட்டிட்டுது. வீட்டுக்குள்ளே வந்து சுற்றிப் பார்த்தேன். அலுமாரி என்னைப் பார்த்தது, நான் அலுமாரியைப் பார்த்தேன். இராசேஸ்வரி, "அது அண்ணாவின்ர கலியாண அலுமாரி" என்று மட்டும் சொன்னா. கனநாளைக்குப் பிறகு அவ சொன்ன முழு வசனம் அதுதான் எண்டபடியால் எனக்கு உற்சாகம் கூடிப்போச்சு. நாலு ஆக்களைப் பிடிச்சுத் தூக்கிக்கொண்டு வாசலாலே வந்தால், செத்த வீடு எண்டு நினைச்சு லூசியா தலையில கைவைச்சுக் கொண்டு ஓடிவந்திட்டா. நான்தான் போயிட்டன் எண்டு நினைச்சவாவாம். முன்னுக்குத் தூக்கிக்கொண்டு நிண்டதே நான்தான்.

அடியில தேங்காய் மட்டை, அதுக்கு மேல சருகு, அதுக்கு மேல கரையில ஒதுங்கின சாதாழைக் கடற்பாசி, பிறகு மாட்டெரு, எல்லாத்துக்கும் மேல குளத்து மண். மண்ணை மாரிமுத்துவின்ர வண்டியில பள்ளமடுப் பக்கமிருந்து இறக்கினனான். மாரிமுத்து மலைநாட்டிலிருந்து வந்து குடியேறின மனுசன், மண் இறக்க வந்தவர் கத்தரி, வெண்டி விதையும் தந்தார். கண்டு முளைச்சுது, நான் துள்ளினன். கண்டு அழுகிச்சுது, நான் குந்தினன். அலுமாரிக்கு அடியில ஓட்டை போட மறந்துபோனன் மச்சான், தண்ணி உள்ளுக்கு நிண்டு குளம் கட்டிப்போச்சு. எல்லாத்தையும் வாரிக் கொட்டி, அலவாங்குக் கம்பியால ஓட்டை குத்தி (உங்கட மனுசிக்கு இந்த வரியை வாசிச்சுக் காட்டாதேங்கோ) திரும்ப நிரப்பினால், இந்த முறை கண்டெல்லாம் நுனி கருகிச்சுது. சாதாழையைக் கழுவாமல் போட்டதால கடலே பாத்திக்குள்ள வந்திட்டுது. மூண்டாந்தரம் லூசியா மீன்தலையை மண்ணுக்குள்ள தாட்டால் நல்ல பசளை எண்டா, நானும் ஓமெண்டு தாட்டன். விடிய எழும்பிப் பாத்தால் ஊர் நாய் முழுக்க அலுமாரிக்குள்ள நிக்குது. லூசியா என்னைப் பிழை சொன்னா, நான் லூசியாவைப் பிழை சொன்னன், இராசேஸ்வரி ரெண்டு பேரையும் பாத்துச் சிரிச்சா. அடம்பனை விட்டு வெளிக்கிட்ட பிறகு அவ சிரிச்சது அண்டைக்குத்தான்.

நாய்க்கு வேலி வேணுமெண்டு அலுமாரிக் கதவு ரெண்டையும் கழட்டிப் பாத்திக்கு முன்னால நட்டன். அதில ஒண்டு முகக்கண்ணாடிக் கதவு எண்டதை யோசிக்கேல்லை. அடுத்தநாள் ஆமிக்காரன்ர ஹெலி வந்து எங்கட வளவுக்கு மேல வட்டமடிக்குது, ஒருக்கா இல்லை, திருப்பித் திருப்பி. ஊர் முழுக்கப் பங்கருக்குள்ள. ஹெலி போன கையோட இயக்கப் பெடியள் ரெண்டு பேர் சைக்கிளில வந்து இறங்கினாங்கள். கண்ணாடி வெயிலுக்கு மின்னினது அங்கால சந்தியிலயும் தெரிஞ்சதாம்.

"ஐயா, ஆருக்குச் சிக்னல் காட்டுறியள்?" எண்டு மூத்தவர் கேட்டார்.

அப்ப உங்கட தங்கச்சி குசினியால வந்து எனக்கு முன்னால நிண்டா. சத்தம் போடேல்லை, அழேல்லை.

"எனக்குச் சாப்பிடக் கறி இல்லை தம்பி. அதுக்குத்தான் இந்த மனுசன் இந்தக் கூத்தெல்லாம் ஆடுது. வந்து பாருங்கோ" எண்டா.

வந்து பாத்தார். மண்ணுக்குள்ள விரலை விட்டுப் பாத்தார். தன்ர தாயும் வெள்ளாங்குளத்தில தோட்டம் செய்யிறவ எண்டு சொல்லி, கண்ணாடிக்குச் சாணி பூசச் சொல்லிப்போட்டுப் போயிட்டார். இராசேஸ்வரி தன்ர கையாலயே பூசினா. எனக்காக அவ ஒரு வார்த்தை கதைச்சுக் கேட்டது அதுதான் முதல்தரம் மச்சான், அதைச் சொல்லாமல் இருக்க ஏலாது.

பிறகு மாரி வந்துது. வளவெல்லாம் வெள்ளம், கடல் எது முற்றம் எது எண்டு தெரியேல்லை. லூசியாவின்ர கோழியள் முழுக்க அலுமாரி விளிம்பில வரிசையாக் குந்தியிருக்குதுகள். ஊரில ஆர் வீட்டிலயும் ஒரு கீரைத்தண்டு மிஞ்சேல்லை, எங்கட பாத்தி மட்டும் தண்ணிக்கு மேல நிமிர்ந்து நிக்குது. மழை அடிச்ச அடியில மண்ணில மிஞ்சியிருந்த உப்பும் ஓட்டையால வடிஞ்சு போச்சு. நான் காய்ச்சலில கிடக்க, உங்கட தங்கச்சி முழங்கால் தண்ணிக்குள்ள நிண்டு கண்டுகளுக்குக் குடை பிடிச்சா. எனக்கு ஒரு கொத்தமல்லித் தண்ணி தர ஆளில்லை. ஆனால் கண்டு ஒண்டும் சாகேல்லை.

பொங்கலுக்கு முந்தினநாள் முதல் காய் பிடுங்கினம். ஊதாக் கத்தரி, மினுமினுவெண்டு இருந்துது. தேங்காய்ப்பாலில வெள்ளைக்கறி வைச்சா. எனக்குப் போட்டிட்டுத் தானும் குந்தினா. ஒரு வாய் வைச்சா. நான் என்ர சோத்துக் கோப்பையைப் பாக்கேல்லை, அவவையே பாத்துக்கொண்டிருந்தன். "உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு" எண்டா. சொல்லிப்போட்டு இன்னொரு அகப்பை சோறு போட்டா. பிறகும் போட்டா. பிறகு, வாயைப் பிளந்துகொண்டு இருக்காமல் சாப்பிடுங்கோ எண்டு என்னை ஏசினா. மச்சான், கச்சேரியில எனக்குப் பதவி உயர்வு தந்த நாளிலயும் நான் இப்பிடிச் சந்தோசப்படேல்லை.

இப்ப ஒழுங்கை முழுக்க இதே கதைதான். லூசியா புருசன்ர உடைஞ்ச வள்ளத்தை இழுத்துக்கொண்டு வந்து மண் நிரப்பிப் பூசணி போட்டிருக்கிறா, கொடி வள்ளத்தின்ர முன் அணியத்தில ஏறி நிக்குது. காலமை எழும்பினவுடன எல்லாரும் வந்து என்னட்டத்தான் புத்தி கேக்கினம். நான் கதிரையில இருந்து சொல்லுறன், முதல்ல ஓட்டை போடுங்கோ எண்டு.

ஆகவே அலுமாரியைப் பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ரோட்டுத் திறந்ததும் நாங்கள் அடம்பனுக்குத் திரும்பிவிடுவோம். அதற்கு முன் அதைக் கழுவித் துடைத்து, கழட்டிய கதவுகளைத் திரும்பப் பூட்டி, பழைய இடத்திலேயே நிறுத்தித் தருவேன், இது சத்தியம். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள். கல்வியும் கம்பளிச் சட்டையும் குறையாமல் பல்லாண்டு வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
ச. இரத்தினம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுறதுக்கு முதல் மாரிமுத்து வந்தார். அடம்பன் ரோட்டுத் திறந்திட்டுதாம். எங்கட வீடு ஓடு கூட உடையாமல் நிக்குதாம், வளவில கத்தரி தன்பாட்டில முளைச்சு இடுப்பளவு நிக்குதாம். நான் உடன பெட்டியைக் கட்டினன். உங்கட தங்கச்சி வெண்டிக்குத் தண்ணி ஊத்திறதை நிப்பாட்டாமல், "நீங்கள் போய்ப் பாத்திட்டு வாங்கோ, எனக்கு இஞ்ச வேலை கிடக்கு" எண்டா. தானாக முளைக்கிற மண்ணில போய் இருந்து என்ன செய்யிறதாம். அடுத்ததாப் பாகல் போடப்போறாவாம், கொடிக்குப் பந்தல் வேணுமாம். மச்சான், காலமையிலிருந்து அவ உங்கட சாப்பாட்டு மேசையைச் சுத்திச் சுத்தி வாறா.