கரடிப் பாக்கி

கரடியின் தலை தையல் மேஜைமேல் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. உடம்பும் கைகால்களும் குட்டை வாலும் அன்று காலையே நாடகக் குழுவுக்குப் போய்விட்டன. பாக்கிப் பணம் வந்தால்தான் தலை போகும். இது தைத்தவளுடைய நாத்தனாரின் யோசனை.

நாத்தனார் ஒரு கடன் கம்பெனியில் வசூல் பிரிவில் வேலை பார்த்தாள். முகம் தெரியாத ஆட்களிடம் நாள் முழுக்கப் போனில் கறாராகப் பேசிவிட்டு, சாயங்காலம் அதே குரலோடு அண்ணன் வீட்டுக்கு வருவாள். அண்ணி ஒருத்தி இப்படி இருப்பதைப் பார்க்க அவளுக்குத் தொழில்முறையிலேயே வலித்தது.

அண்ணி எப்படி இருந்தாள் என்றால், தெருவில் எல்லோரும் காஸ்ட்யூம் அக்கா என்று கூப்பிடும்படி இருந்தாள். பள்ளிக்கூட நாடகத்துக்குச் சிங்கம், விளம்பரப் படத்துக்குப் பல்துலக்கி, கல்யாண மாப்பிள்ளைக்கு ராஜா உடுப்பு, எதைக் கேட்டாலும் வீட்டின் முன்னறையில் தைத்துக் கொடுத்துவிடுவாள். முன்பின் தெரியாதவரிடம் இடுப்பளவு கேட்க அவளுக்குக் கூச்சமில்லை. தைத்ததற்குக் காசு கேட்கும்போது மட்டும் தொண்டையில் ஏதோ நூல் சிக்கிக்கொள்ளும். கொடுக்க வேண்டியவருக்கு வர வேண்டிய வெட்கம் வழி தவறி ஏன் தன்னிடம் வருகிறது என்று அக்கா பலமுறை யோசித்திருக்கிறாள். பதில் கிடைக்கவில்லை. வெட்கம் மட்டும் தவறாமல் வந்தது.

இந்தத் தடவை விஷயம் பெரியது. கரடிக்கு வேண்டிய ரோமத்துணி, பஞ்சு, கம்பிக்கூடு, கண்ணாடிக் கண்கள் எல்லாவற்றுக்கும் கணவர் சேர்த்து வைத்திருந்த பணத்தைத்தான் போட்டிருந்தாள். நாடகக்காரர் கொடுத்த அட்வான்ஸ், கரடியின் பாதங்களுக்கே போதவில்லை. கணவர் ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார்.

“மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம். கரடிக் காசு வந்துட்டா முன்ரூம் உனக்கு. வரலைன்னா வாடகைக்கு விட்டுடலாம். என்ன சொல்ற?”

திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருக்கலாம். நியாயமாகப் பேசுகிற ஆளை என்ன செய்வது? சரி என்றாள். அன்றிலிருந்து அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் யாரோ முன்பின் தெரியாத ஒருவர் தன் கட்டிங் மேஜை இருக்கும் இடத்தில் கட்டில் போட்டுப் படுத்திருப்பதாகவே தோன்றியது.

முதலில் நாத்தனார் ஒரு செய்தி எழுதிக் கொடுத்தாள். நிலுவைத் தொகையை உடனடியாகச் செலுத்தவும், தவறினால் மேல் நடவடிக்கை என்று இருந்தது. அக்கா அதைப் போனில் தட்டினாள். ‘உடனடியாக’ என்ற சொல் கொஞ்சம் முகத்தில் அடிப்பதுபோல் இருந்ததால் எடுத்தாள். ‘மேல் நடவடிக்கை’ என்பதைத் தன் வாயால் சொல்லிப் பார்த்தாள். சிரிப்பு வந்தது. அதையும் எடுத்தாள். கடைசியில் போன செய்தி இதுதான்: வணக்கம். ஒத்திகை நன்றாகப் போகிறதா? நேரம் இருக்கும்போது பேசவும். அவசரமில்லை.

நாடகக்காரர் கைகூப்பும் படம் ஒன்றும் கரடிப் படம் ஒன்றும் பதிலுக்கு அனுப்பினார்.

அதைப் படித்த நாத்தனார் போனைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, “அண்ணி, நீங்க எங்க கம்பெனியில கடன் வாங்கியிருந்தா நான் கட்டவே வேண்டாம்னு விட்டிருப்பேன்” என்றாள். அதற்கப்புறம்தான் தலையைப் பிடித்து வைக்கும் யோசனை வந்தது.

எதிர்பார்த்தபடி, உடம்பு போய்ச் சேர்ந்த அன்றே நாடகக்காரர் கூப்பிட்டார். பெட்டியில் தலை இல்லையே என்றார். அக்கா நாத்தனார் எழுதிக் கொடுத்திருந்த சீட்டைப் பார்த்து வாசித்தாள்.

“பாக்கி வந்ததும் தலை வரும்.”

வாசித்த பிறகு அவளுக்கே ஆளைக் கடத்தியவர்கள் பேசுவதுபோல் இருந்தது. பிறகு அவர், சரிம்மா, பார்த்துக்கறேன் என்று வைத்துவிட்டார். அந்த வாரம் முதல் காட்சி நடந்தது. மறுநாள் காலை அவரே கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு பூரிப்பு.

“அம்மா, உங்களுக்குக் கோடி நன்றி. தலை இல்லாததால பையன் தன் சொந்த முகத்தோட கரடியா வந்தான். கரடி உடம்பு, மனுஷ முகம். பார்த்தவங்க ஆடிப் போயிட்டாங்க. நமக்குள்ள இருக்கிற மிருகம்னு அர்த்தம் பண்ணிக்கிட்டாங்க. இதெல்லாம் யோசிச்சா வராதும்மா, தானா அமையணும். அதனால, பில்லுல தலையை மட்டும் கழிச்சிடுங்க.”

மொத்தக் கூலியில் பாதி அந்தத் தலைதான். மூக்கிலிருந்து பிடரிவரை ரோமம் எந்தப் பக்கம் படிய வேண்டும் என்று பார்த்துப் பார்த்துக் கையாலேயே தைத்தது. அவள் அதற்குமேல் யோசிக்கவில்லை. தலையை ஒரு படுக்கை விரிப்பில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். விரிப்பு வழியிலேயே நழுவிவிட்டது. பக்கத்து இருக்கைக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே ஆள் நிறைந்திருந்த வேறு இருக்கையில் போய் நெருக்கிக்கொண்டார்.

ஒத்திகைக் கூடத்தில், தலையையும் வாங்கிக்கொள்ளும்படி நாடகக்காரரிடம் அவள் கெஞ்சினாள். நெற்றியில் நரைமுடி விழும், எதிரில் இருப்பவரின் பெயரைவிடக் குடும்பத்தை முதலில் விசாரிக்கும் மனிதர் அவர். தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அர்த்தம் கெட்டுப் போகுமே என்று வருத்தப்பட்டார். கடைசியில், உங்களுக்காக வாங்கிக்கறேன் என்றார். அக்கா நன்றி சொல்லிவிட்டு வந்தாள். பாதி வழியில்தான், தன் பொருளைத் தானே கொண்டுபோய்க் கொடுத்து, பாக்கியும் கேட்காமல், நன்றியும் சொல்லிவிட்டு வருகிறோம் என்று உறைத்தது.

“திரும்பவும் நேர்ல போங்க” என்றாள் நாத்தனார். “போனெல்லாம் உங்களுக்குச் சரிப்படாது. போய் எதிர்ல உட்காருங்க. பேச வேண்டாம். எழுந்திரிக்கவும் வேண்டாம். எங்க ஆபீஸ்ல அதுதான் கடைசி ஆயுதம்.”

மறுநாள் சாயங்காலம் அக்கா நாடக அரங்குக்குப் போனாள். ஆபீஸ் அறை அரங்குக்கு உள்ளே, மேடைக்குப் பக்கவாட்டில் இருந்தது. வாசலில் இருந்தவர் உள்ளே போக டிக்கெட் வேண்டும் என்றார். ரெண்டு வார்த்தை பேசத்தான் என்றாள் அக்கா. “எல்லாரும் ரெண்டு வார்த்தைக்குத்தாம்மா வர்றாங்க” என்று அவர் டிக்கெட் கட்டை எடுத்தார். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. வாங்கிவிட்டாள்.

உள்ளே அவள் நினைத்ததைவிடக் கூட்டம். தன் கரடி மேடைக்கு வந்ததும் அக்காவுக்கு உடம்பு சிலிர்த்தது. விளக்கு வெளிச்சத்தில் ரோமம் அலையலையாகப் படிந்தது. அந்தக் கணத்தில் அவளுக்குப் பணம் ஞாபகமே இல்லை. இது தன் பலவீனமா, அல்லது தன்னிடம் இருக்கும் ஒரே நல்ல விஷயமா என்று நினைத்துக்கொண்டாள். கைதட்டு வேறு பலமாக விழுந்தது. மற்ற நாடகங்களில் கேட்ட கைதட்டு இல்லை இது. ஒவ்வொருவரும் இந்த நாடகம் ஜெயித்தே ஆகவேண்டும் என்பதுபோல் தட்டினார்கள்.

முடிந்ததும் அவள் பக்கவாட்டுக் கதவுக்கு ஓடினாள். அவளுக்கு முன்னாலேயே முப்பது நாற்பது பேர் ஓடி நின்றார்கள். ரசிகர்கள் என்று புரிந்தது. இத்தனை ரசிகர்களுக்கு நடுவில் நின்று பாக்கியைப் பற்றி எப்படிக் கேட்பது? அவள் ஒதுங்கி நின்றாள். நாடகக்காரர் வெளியே வந்தார், எல்லோரையும் கும்பிட்டார், சிலரின் தோளில் கை வைத்து ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னார். தூரத்தில் அக்காவைப் பார்த்துக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“உங்களைத்தாம்மா தேடினேன். வீட்ல சார் நல்லா இருக்காரா? உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு, நீங்களும் ஒரு கலைஞர். ஹால் இன்னும் முழுசா ரொம்பலை. ஒருநாள், ஒரே ஒருநாள் ஹவுஸ்ஃபுல் ஆகட்டும், மறுநாள் காலையில முதல் பணம் உங்களுக்குத்தான்.”

வேறு யாரிடமும் சொல்லாததைத் தன்னிடம் சொல்கிறார் என்று அக்காவுக்கு நெஞ்சு இளகியது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் காலி நாற்காலிகளை மனதுக்குள் எண்ணிக்கொண்டே போனாள். அதிகமில்லை. தான் கொஞ்சம் முயற்சி செய்தால் நிரப்பிவிடக் கூடியதுதான்.

அன்று முதல் அவள் நாடகத்துக்கு ஆள் பிடித்தாள். தைக்க வந்தவர்களிடம் சொன்னாள். எதிர்வீட்டுத் தம்பதிக்குத் தன் செலவில் டிக்கெட் வாங்கிக் கொடுத்தாள். தானும் விடாமல் போனாள். ஒருநாள் போகாவிட்டால் ஒரு நாற்காலி குறையுமே.

போகப் போக முகங்கள் பழகின. தினமும் வருகிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ரசனைதான் எத்தனை விதம் என்று அவள் வியந்தாள். முன்வரிசையில் ஒருவர் நாடகம் முழுக்க மேடையைப் பார்க்காமல், அண்ணாந்து விளக்குகளையே பார்ப்பார். ஒரு குடும்பம் உள்ளே வருமுன் வாசலில் இருந்த போஸ்டரைத் தொட்டுத் தடவி ஏதோ பேசிக்கொள்ளும். அக்காவின் பக்கத்தில் எப்போதும் பச்சைக் குடையோடு ஒரு அம்மாள் உட்காருவாள். உட்காரும் முன் நாற்காலியை ஒருமுறை ஆட்டிப் பார்ப்பாள். யாராவது பின்னால் சாய்ந்து ஆடினால் முகம் சுளிப்பாள். நாடகத்தை அவ்வளவு மரியாதையாகப் பார்க்கிற மனுஷி என்று அக்காவுக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. பேசிக்கொண்டதில்லை. கரடி வரும்போது சேர்ந்து கைதட்டுவார்கள், அவ்வளவுதான்.

மாசக் கடைசி வந்தது. அறையைப் பார்க்க மறுநாள் காலை ஒருவர் வருவதாகக் கணவர் சொன்னார். அக்கா அன்று மிச்சமிருந்த வீட்டுச் செலவுப் பணத்தை எடுத்து, கணவரையும் நாத்தனாரையும் டிக்கெட் வாங்கி அழைத்துப் போனாள்.

“நம்ம காசு வாங்குறதுக்கு நாமளே காசு கொடுக்குறோமே, இது எந்த ஊர்க் கணக்கு?” என்று கணவர் பஸ்ஸில் கேட்டார்.

“முதலீடுன்னு நினைச்சுக்குங்க” என்றாள் அக்கா. நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அரங்கின் வாசலில் ஹவுஸ்ஃபுல் பலகை தொங்கியது. அக்கா அதன் கீழே ஒரு நிமிஷம் நின்றாள். கட்டில் போட்டுப் படுத்திருந்த அந்த முகம் தெரியாத ஆள் தன் முன்னறையிலிருந்து எழுந்து, படுக்கையைச் சுருட்டிக்கொண்டு போவதுபோல் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, வாய் திறந்து கேட்காமலேயே ஒரு பாக்கியை வசூல் செய்துவிட்டாள். உள்ளே கணவருக்கும் நாத்தனாருக்கும் கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. அக்கா தன் வழக்கமான நாற்காலிக்குப் போனாள். பச்சைக் குடை அம்மாள் ஏற்கெனவே வந்திருந்தாள்.

கரடி அன்று என்றும் இல்லாதபடி ஆடியது. முடிந்ததும் நாடகக்காரர் திரைக்கு முன்னால் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

“இங்க இருக்கிற ஒவ்வொருத்தரையும் எனக்குத் தனித்தனியாத் தெரியும். உங்க குடும்பத்தைத் தெரியும். நீங்க இல்லைன்னா இந்த மேடை இல்ல, இந்த வெளிச்சம் இல்ல, இந்த நாடகமே இல்ல. நாளைக்கும் வருவீங்கங்கிற நம்பிக்கையிலதான் நான் நிம்மதியாத் தூங்குறேன்.”

அரங்கம் அதிர்ந்தது. அக்கா திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தாள். கணவர்கூட எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் நெஞ்சுக்குள் வைத்திருந்ததை இனி யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும் என்று இருந்தது அவளுக்கு. பணத்தைப் பற்றி இல்லை. அது நாளைக் காலை வந்துவிடும். வேறொன்று. பக்கத்து நாற்காலிப் பக்கம் குனிந்து, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னாள்.

“அந்தக் கரடி நான் பண்ணினது.”

பச்சைக் குடை அம்மாள் கைதட்டுவதை நிறுத்தவில்லை. தட்டிக்கொண்டே அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். ரொம்ப நாள் கழித்துச் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் அவள் முகம் கனிந்தது.

“கரடியா? நான் நாற்காலி, முன்வரிசை பூரா லைட்டு, அதோ அந்தக் குடும்பம் போஸ்டர், பின்னாடி நிக்கிறவங்க எல்லாம் ஹால் வாடகை. உங்களுக்கு எவ்வளவும்மா பாக்கி?”