மாடு பூட்டி எல்லை தாண்டிய மோட்டார்

வரியைப் பற்றி ஒன்றுமே தெரியாதவனால் குடும்பத்துக்குக் கெடுதல் வராது. அவன் பயந்துபோய் நாலு பேரிடம் கேட்பான். எல்லாம் தெரிந்தவனாலும் வராது. இடையில் ஒரு ரகம் இருக்கிறது. அரைகுறையாகத் தெரிந்துகொண்டு, மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “அதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று முன்னால் வந்து நிற்கிற ரகம். எங்கள் குடும்பத்தில் அந்த இடம் காலியாக இருந்தது. இருபத்திரண்டாம் வயதில் நான் போய் அதில் உட்கார்ந்துகொண்டேன்.

அப்போது எங்கள் ஊர்ப்பக்கமெல்லாம் திருவிதாங்கூர் மகாராஜாவின் ராஜ்யம். நான் நாகர்கோவிலில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கால்வாயின் கடைசி வயல்வரை வந்து சேராத வருஷங்களில் பயிர் கருகிப்போகும். நிலவரியைத் தள்ளித் தரச் சொல்லி விவசாயிகள் மனுப் போடுவார்கள். நான் எழுதினால் கல்லும் கரையும் என்று ஒரு பேர் இருந்தது. (பேரைக் கிளப்பிவிட்டவனும் நான்தான்.) வயலைப் பார்க்க அதிகாரி வந்தால் எந்த வரப்பு வழியாக அழைத்துப் போகவேண்டும், கொஞ்சம் விளைந்த மூலையை எப்படிக் கண்ணில் படாமல் கடத்தவேண்டும், வீட்டுப் பெண்களில் யார் முந்தானையால் மூக்கைத் துடைக்கவேண்டும் என்பது வரைக்கும் சொல்லிக் கொடுப்பேன். பார்ப்பதற்குப் பரிதாபமாக இருந்தால் வரி குறையும். அரசாங்கத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது இந்த ஒன்றுதான். ஆனால் முழு அரசாங்கமும் இதற்குள் அடக்கம் என்று நினைத்திருந்தேன்.

என் அக்கா செல்லம்மையின் கணவர் தாணு அத்தான் கீரிப்பாறை மலையில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் ரப்பர் தோட்டத்தில் மோட்டார் ஓட்டிக்கொண்டிருந்தார். துரை அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. சீட்டியடிப்பார். நாய்க்கும் அதே சீட்டிதான். நாயும் அத்தானும் சேர்ந்து ஓடிப்போய் நிற்பார்களாம். யார் வேண்டுமென்று துரை விரலை நீட்டிக் காட்டுவாராம். அத்தான் இதை நடித்துக் காட்டினால் நாங்களெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். அக்கா மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

ஒருநாள் அக்கா தன் பங்குக்கு வந்த சுசீந்திரத்து வயலை விற்றுவிட்டாள். யாரையும் கேட்கவில்லை.

“சொந்தமா ஒரு மோட்டாரு வாங்கி ஆள் ஏத்தி ஓட்டட்டும். நாகருகோயில்லயிருந்து கன்னியாரிக்கு எத்தன பேரு போறாவ! இனி ஒருத்தனும் அவியளச் சீட்டியடிச்சுக் கூப்பிடப்பிடாது” என்றாள்.

அத்தான் மறுநாளே துரையிடம் கணக்குத் தீர்த்துக்கொண்டு வந்துவிட்டார்.

புது மோட்டாருக்கு எங்களிடம் பணம் ஏது? பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர் தம் பழைய மோட்டாரை விற்கப் போவதாகத் தகவல் வந்தது. கறுப்பு வண்டி, மேலே மடக்குகிற கித்தான் கூரை. அத்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “வயசானாலும் நல்ல சரக்கு மக்கா. ஒரு சுத்துல ஸ்டார்ட் ஆவுது” என்றார். சிக்கல் ஒன்றுதான். பாளையங்கோட்டை பிரிட்டிஷ் சீமை. எங்களுக்கு அது வேற்று நாடு. அங்கே பதிவான வண்டி ஆரல்வாய்மொழி எல்லையைத் தாண்டினால், சௌக்கையில் (சுங்கச்சாவடியை அப்படித்தான் சொல்வோம்) பார்த்து எழுதிக் கொடுக்கிற சீட்டை வைத்து எங்கள் ராஜ்யத்தில் புதிதாகப் பதியவேண்டும், வரி கட்டவேண்டும். அது எவ்வளவு வரும்? அதைத் தெரிந்துகொண்டால்தான் வாங்கலாமா வேண்டாமா என்று சொல்லமுடியும்.

“ஆப்பீசுல போயி ஒரு வார்த்த கேட்டுட்டா என்ன மக்கா?” என்றார் அத்தான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “கேட்டா போச்சு அத்தான்! வரியப் பத்தி உத்தியோகஸ்தன்கிட்ட நாமளா போயிக் கேக்கலாமா? இவன்கிட்ட ரூவா இருக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சுபோவும். இல்லாத வரியும் மொளச்சு வரும்.”

“அப்பிடியா சொல்லுக?”

“நான் எத்தன மனு பாத்திருக்கேன்!”

அத்தான் தலையை ஆட்டினார். படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பிய நல்ல மனுஷர் அவர். அந்த நம்பிக்கைக்கு நான் செய்த கைம்மாறு இனிமேல்தான் வருகிறது.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மாட்டுவண்டிக்கு இரண்டு சக்கரத்துக்கு வரி இவ்வளவு என்றால் மோட்டாருக்கு நாலு சக்கரம். பின்னால் கட்டித் தொங்கவிட்டிருக்கிற சக்கரத்தையும் விடமாட்டார்கள், ஆகவே ஐந்து. விளக்குக்கு ஒன்று, குழல் ஹாரனுக்கு ஒன்று. தக்கலையில் ஒருவர் மோட்டார் வரி கட்டியே நொடித்துப்போனார் என்று ஹோட்டலில் யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. (அவர் சீட்டாடி நொடித்துப்போனவர் என்பது பிறகு தெரிந்தது.) அந்தப் பயத்தையும் மேலே கூட்டினேன். வந்த தொகை மோட்டாரின் விலையைவிடப் பெரிசாக இருந்தது. அக்காவின் முகம் வெளுத்துப்போயிற்று.

“அப்போ வயலப் போக்கடிச்சது வீண்தானாலே?”

அவள் கலங்கியதைப் பார்த்ததும் எனக்கு வீரம் வந்துவிட்டது. ஓடுகிற வண்டிக்குத்தானே இத்தனை வரி? விளையாத வயலுக்கு வரி தள்ளுபடி உண்டென்றால் ஓடாத மோட்டாருக்கு எப்படி வரி போடமுடியும்? ஓடாத வண்டி என்று சொல்லி எல்லைக்குள் கொண்டுவந்து, சொற்பத் தொகை கட்டிப் பதிந்துவிட்டால், பிறகு ஓடினால் யார் கேட்கப்போகிறார்கள்? இந்தத் திட்டத்தைச் சொல்லி முடித்ததும் அக்கா எனக்கு இரண்டு முட்டை அவித்துக் கொடுத்தாள்.

வாங்கினோம். அத்தான் பாளையங்கோட்டையிலிருந்து எல்லைச் சௌக்கை கண்ணுக்குத் தெரிகிற தூரம்வரை ராஜா மாதிரி ஓட்டிக்கொண்டு வந்தார். நான் பக்கத்தில். காற்று முகத்தில் அடித்தது. தமக்குச் சொந்தமான வண்டியை அத்தான் அந்த ஒரு காலைப்பொழுதுதான் ஓட்டினார் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஒரு பனைமரத்து நிழலில் வண்டியை நிறுத்தச் சொல்லி என் கைவரிசையைக் காட்டினேன். டாக்டர் பளபளவென்று துடைத்துக் கொடுத்த வண்டிமேல் சேற்றை அள்ளிப் பூசினேன். விளக்கையும் ஹாரனையும் கழற்றிச் சாக்கில் கட்டினேன். தோல் இருக்கைமேல் வைக்கோலைப் பரப்பினேன். கித்தான் கூரையை ஒரு பக்கம் அவிழ்த்துக் காற்றில் படபடக்க விட்டேன். அந்தப் பக்கத்து ஆள் ஒருவரிடம் வாடகைக்கு இரண்டு மாடு பிடித்தேன். மாட்டுக்காரர் வண்டியைச் சுற்றி வந்தார்.

“இப்பதானவே இதுல வந்து எறங்குனிய? ஓடுத வண்டிக்கு எதுக்குவே மாடு?”

“அது ராஜாங்க விஷயம். நீர் பூட்டும்.”

பூட்டினார். மாடு இழுக்க, அத்தான் தலைகுனிந்து பக்கத்தில் நடக்க, நான் முன்னால் துண்டோடு நடக்க, சௌக்கைக்குப் போய்ச் சேர்ந்தோம். சாலைக்குக் குறுக்கே தடைக்கம்பு போட்டிருந்தது. ஆரல்வாய்மொழிக் காற்று தெரிந்ததுதானே, நின்று பேசினால் பாதி வார்த்தை பறந்துவிடும். நான் அடித்தொண்டையிலிருந்து கூவி விண்ணப்பித்துக்கொண்டேன். ஏழைக் குடும்பம், செத்துப்போன வண்டி, ஏமாந்து வாங்கிவிட்டோம், யசமான் மனமிரங்கவேண்டும். அதிகாரி திருவனந்தபுரத்துப் பக்கத்து மனுஷர், நல்ல மாதிரி. அவருக்கு உண்மையிலேயே மனம் இளகிவிட்டது.

“அய்யோ பாவம். இது ஓடுமோ?”

“ஓடாது யசமான்.”

“சரியாக்கினால்?”

“எத்தனை ஜென்மம் எடுத்தாலும் ஓடாது யசமான்!” (அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கேட்பவர் உருகுகிறார் என்று தெரிந்தால் என் நாக்கு நிற்காது.) “மலையிலிருந்து உருட்டிவிட்டாலும் ஓடாது!”

அவர் எழுதிக்கொண்டார். நான் கையைக் கட்டிக்கொண்டு, “வரி எவ்வளவு கட்டவேண்டும் யசமான்?” என்றேன்.

“வரியோ? ஓடாத வண்டிக்கு ஏது வரி? ஒண்ணும் வேண்டாம்.”

அத்தானைத் திரும்பிப் பார்த்தேன். அப்போது என் முகத்தில் இருந்த சிரிப்பை யாராவது படம்பிடித்து வைத்திருந்தால் இன்றைக்கு நானே தீ வைத்திருப்பேன்.

அதிகாரி மையை ஊதிக் காயவைத்தார். “வரியும் இல்லை, பதிவும் இல்லை. ரோட்டில் ஏற்றக்கூடாது என்று எழுதியிருக்கேன். இரும்புக்காரனுக்குத் தூக்கி விற்றுக்கொள்ளும். ஆள் ஏறினால் அபாயமல்லோ.”

கருகிய வயல் அடுத்த மழைக்கு மறுபடி வயலாகிவிடும். செத்தது என்று எழுதிவிட்ட மோட்டார் எழுந்து வராது. இந்த வித்தியாசம் என் மண்டையில் அந்த நிமிஷம்தான் ஏறியது. அத்தானுக்கு அவ்வளவு நேரம்கூட ஆகவில்லை. வயல், அக்கா, துரையின் சீட்டி எல்லாம் அவர் கண்முன்னால் வந்திருக்க வேண்டும்.

“யசமான், நல்ல வண்டி! ஓடும்! பாருங்கோ!” என்று கத்திக்கொண்டே எஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற கைப்பிடியை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். மாட்டை அவிழ்க்கவேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மாடுகளுக்கும் வண்டிக்கும் நடுவில் குனிந்து ஒரே ஒரு சுற்று சுற்றினார். அத்தான் அன்றைக்குச் சொன்னது பொய்யில்லை. எஞ்சின் ‘டமார்’ என்று ஒரு வெடி வெடித்துவிட்டு உறுமியது.

மாடுகள் மோட்டார்ச் சத்தத்தை முன்னே பின்னே கேட்டவை அல்ல. அத்தான் பக்கவாட்டில் உருண்டு தப்பித்தார். மாடுகள் மோட்டாரோடு பாய்ந்தன. தடைக்கம்பு இரண்டாக முறிந்து ஒரு துண்டு என் காலடியில் வந்து விழுந்தது. ஆள் இல்லாத மோட்டார், வைக்கோல் பறக்க, கூரை படபடக்க, ஜம்மென்று எல்லை தாண்டித் திருவிதாங்கூருக்குள் போயிற்று. பின்னால் மாட்டுக்காரர் என் பரம்பரையை வரிசையாகத் திட்டிக்கொண்டே ஓடினார். ஒரு வாய்க்கால் கரையில் ஏறி நின்ற பிறகும் எஞ்சின் அணையவில்லை. சாகாவரம் பெற்ற வண்டி.

அதிகாரி எழுதிய சீட்டைப் பார்த்தார், முறிந்த கம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஓடாத்த வண்டி ஓடிப்போச்சல்லோ” என்றார்.

அதன் பிறகு அவரிடம் இளக்கம் இல்லை. இருக்கவும் நியாயம் இல்லை. பொய் சொன்னது, கம்பை முறித்தது, அனுமதியில்லாமல் எல்லை தாண்டியது என்று வழக்கு ஆயிற்று. மோட்டாரைச் சௌக்கைக் கொட்டிலில் கட்டிப்போட்டார்கள். என் வக்கீல் வழக்கைத் தொடவே மாட்டேன் என்றதோடு, என்னையும் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். உண்மையான வரி எவ்வளவு என்பது விசாரணையின்போது தெரியவந்தது. நான் போட்ட கணக்கின் பக்கத்தில்கூட அது வரவில்லை. அதையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்துக் கட்டலாமாம். பக்கத்திலிருக்கிற சாமிதோப்புக்கு இரண்டு நடை ஆள் ஏற்றினால் ஒரு தவணைப் பணம் வந்துவிடும். வாசலில் நின்ற சேவகனிடம் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பான். அதைக் கேட்டபோது அத்தான் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை.

அபராதம் கட்ட வழியில்லை. வண்டி ஏலத்துக்கு வந்தது. கோட்டாறு மளிகை வியாபாரி ஒருவர் எடுத்து, வரி கட்டிப் பதிந்து, கன்னியாகுமரிக்கு ஆள் ஏற்றி ஓட்டத் தொடங்கினார். ஓட்ட ஆள் தேடினார். மலையில் துரை அதற்குள் வேறு டிரைவர் வைத்துக்கொண்டிருந்தார். அத்தான் அந்த மளிகை வியாபாரியிடமே போய்க் கேட்டார். வேலை கிடைத்தது. அந்த முதலாளி சீட்டியடிக்கமாட்டார், கை தட்டித்தான் கூப்பிடுவார்.

ஒருமுறை சுசீந்திரத்தில் வேறு வழியில்லாமல் அந்த வண்டியில் ஏறினேன். இறங்கும்போது அத்தான் என் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினார்.

“சக்கரம் எடு மக்கா. மொதலாளி ஆள எண்ணிப் பாப்பாரு.” நான் சக்கரக் காசைத் துழாவிக்கொண்டிருந்தபோது மெதுவாகச் சொன்னார். “எனக்க வண்டின்னா ஒனக்கிட்ட வாங்குவேனா?”

அதில் ஒரு துளி கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் இத்தனை வருஷம் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

அத்தான் காலமாகிப் பல வருஷம் ஆயிற்று. கதையைச் சிரிப்பாக்கி வைத்ததும் அவர்தான். துரையின் சீட்டியை நடித்த மாதிரியே மாடு பாய்ந்ததையும் நடித்துக் காட்டுவார். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் தீபாவளி பொங்கலுக்கு இதுதான் பலகாரம். யாருக்காவது ஆபீஸில் ஒரு காரியம் என்றால் போதும், “மாமா, மாடு பிடிச்சாச்சா?” என்று தொடங்கிவிடுவார்கள். நானும் கூடவே சிரித்துக்கொள்வேன். வேறு என்ன செய்ய?

இப்போது எங்கள் ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்து எல்லை மாறிவிட்டது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் வேற்று மாநிலம். போன மாதம் அக்காவின் மகன் திருவனந்தபுரத்தில் ஒரு பழைய கார் பார்த்து வைத்திருக்கிறான் என்றார்கள். கேரளத்து நம்பர். இங்கே பதிய என்ன வரி வரும் என்று ஆபீஸில் கேட்டுவிட்டு அப்புறம் வாங்கலாம் என்று புறப்பட்டுக்கொண்டிருந்தான். எனக்குக் கால் நிற்குமா? ஆணியிலிருந்து சட்டையை எடுத்து ஒரு கையை நுழைத்தேன்.

அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“நீ போவாண்டாம்லே. அவன் ஒத்தைக்கே போயிக் கேட்டுட்டு வருவான்.”

வீடே கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, மகன் வாசலைத் தாண்டித் தெருமுனை திரும்புகிறவரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சட்டையைக் கழற்றி மறுபடி ஆணியில் மாட்டினேன்.