ஆரோக்கியசெல்வியின் ஓடிபி

மூன்றாவது முறையும் பாஸ்வேர்டு தவறு என்றது கணினி.

வில்லியனூர் சமுதாயக் கல்லூரியில் இணையப் பாதுகாப்புப் படிப்பின் கடைசித் தேர்வு. பதினொரு மணிக்குள் உள்ளே நுழையாவிட்டால் ஆரோக்கியசெல்விக்குச் சான்றிதழ் இல்லை. திங்கட்கிழமை சேர வேண்டிய வேலையும் இல்லை. இன்னும் இருபது நிமிடம். யாராலும் கண்டுபிடிக்க முடியாத பாஸ்வேர்டு வைக்கச் சொல்லியிருந்தார்கள். வைத்தாள். இப்போது அவளாலும் முடியவில்லை.

புதுப் பாஸ்வேர்டு கேட்டாள். ஓடிபி மதகடிப்பட்டுக்குப் போனது. விண்ணப்பம் போட்டபோது அவளிடம் போன் இல்லை. அங்கே பிரவுசிங் சென்டர் நடத்தும் ஜெயா, தன் நம்பரையே போட்டுவிட்டிருந்தாள்.

வராந்தாவுக்கு ஓடிவந்து போன் செய்தாள்.

"அக்கா, செல்வி பேசுறேன். ஓடிபி வந்துச்சா?"

"வந்துச்சு. சொல்ல மாட்டேன். யாரு கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு போன மாசம் எங்க தெருவுல மைக்கு வச்சி இன்னா பேச்சு பேசுன!"

"அது திருடனுக்குக்கா. நான் செல்விக்கா!"

"திருடன் செல்வி கொரல்லயே பேசுவான்னும் நீதான சொன்ன?"

செல்வி வீடியோவில் வந்தாள்.

"மூஞ்சியக்கூட போலியா பண்ணுவாங்கன்னு படம் போட்டு காட்டுனியேடி!"

அம்மாவை நேரில் போய்ச் சொல்லச் சொல்லலாம் என்று ரோசம்மாளை அழைத்தாள்.

"எம் பொண்ணு பரிச்ச எழுதிக்கினு இருக்கா. நீ யாருடா?" என்ற ரோசம்மாள், கையோடு ஜெயாவுக்கும் எச்சரிக்கை சொல்லிவிட்டாள். ஜெயா செல்வியின் நம்பரை பிளாக் செய்தாள்.

மணி பத்து ஐம்பது. செல்விக்கு அழுகை வந்தது.

"இன்னா பாப்பா?" என்றார் காவலாளி தங்கவேல்.

சொன்னாள். அவர் ஜெயாவின் நம்பரை வாங்கி, "ஆபீசரு மாதிரி பேசிப் பாக்குறேன்" என்று தன் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணா, அது தப்புண்ணா. அதத்தான் கூடாதுன்னு ஆறு மாசம் படிச்சேன்."

"பாஸானப்புறம் திருந்திக்கலாம் இரு."

மறுமுனையில் மணி அடித்தது. தங்கவேல் தொண்டையைச் செருமினார்.

"ஹலோ, ஹெட் ஆபீஸ்லேருந்து பேசுறோம். ஓடிபி ஒண்ணு வந்திருக்கணுமே, சொல்லும்மா."

ஜெயாவின் குரல் உடனே குழைந்தது.

"வந்திருக்குங்க சார். அந்தக் கிளாசு புள்ளைங்க அத்தினி பேருக்கும் என் நம்பர்தான். இன்னிக்கு மட்டும் ஏழு பேருது வந்து கெடக்கு. எது வோணும் சார், எல்லாத்தையும் சொல்லட்டுங்களா?"