கதிரைக் காலுக்குக் கீழே ஒரு கொலைகாரன்

வாசிகசாலைச் செயலாளரே, அந்த இங்கிலிசுத் துப்பறியும் நாவலின் கடைசிப் பக்கங்களைக் கிழித்தது நீங்கள்தான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

யாருடைய வாசிப்பில் மண் போட்டீர்கள் தெரியுமா? ஐஸ் அண்ணையைப் போல இங்கிலிசு படித்த ஆள் மன்னார்த் தீவில் இன்னும் பிறக்கவில்லை. பள்ளிமுனைக் கரையில் படகுகளுக்கு ஐஸ் விற்பவர். சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்காவது நினைவிருக்குமோ தெரியாது. ஐஸ் பெட்டியின் மேல் சாக்கைப் போட்டு ஏறியிருந்து, உங்கள் வாசிகசாலையில் இரவல் எடுத்த நாவலைப் படிப்பார். கீழே ஐஸ் தண்ணீராக ஓடுவது அவருக்குத் தெரியாது.

அகராதி பார்க்கமாட்டார். நான் படகு எஞ்சின் திருத்துகிறவன். பாவம் என்று ஒரு பழைய அகராதி கொண்டுபோய்க் கொடுத்தேன். பெட்டி மூடி காற்றில் எழும்பாமல் இருக்க அதைப் பாரமாக வைத்தார்.

“தம்பி, சந்தையில மீன் வாங்கி வந்து, நான் கடலில பிடிச்சதெண்டு சொல்லச் சொல்லுறியோ? சொல் கதைக்குள்ளதான் ஓடித்திரியுது. காத்திருந்தா அம்பிடும்.”

‘ரிலக்டன்ட்’ என்ற சொல்லுக்கு நெடுநாள் காத்திருந்தார். நாவலில் ஒரு பெண் ரிலக்டன்ட்டாகக் கதவைத் திறக்கிறாள், ரிலக்டன்ட்டாகத் தேநீர் ஊற்றுகிறாள். ஒருநாள் ஐஸ் லொறிக்கு முன்னால் ஒரு கழுதை நின்றது. எல்லோரும் சேர்ந்து தள்ளியும் ஒரு சாண்தான் நகர்ந்தது. அண்ணை பெட்டியிலிருந்து குதித்தார்.

“பிடிச்சிட்டன்! உதுதான் ரிலக்டன்ட்! அந்தப் பொம்பிளையும் உப்பிடி மனமில்லாமத்தான் கதவைத் திறந்தவ!”

முழுக்கச் சரி. எந்த ரியூசனில் இப்படிப் படிப்பிக்கிறார்கள்?

பின்னேரம் படகுகள் வந்ததும், அன்றைக்குப் படித்ததைத் தமிழில் சொல்வார். புதுச் சொல்லை மட்டும் இங்கிலிசில் விடுவார்.

“அண்ணை, ஐஸைத் தாங்கோ. மீன் பழுதாகுது.”

“பொறடா, பொலிஸ் கதவைத் தட்டுது.”

“அப்ப கதவைத் திறந்திட்டுத் தாங்கோ. ஆர் உள்ளுக்க?”

மீன் பழுதாகும். ஒருவரும் நகரமாட்டார்கள்.

பிறகு ‘அலிபை’ வந்தது. நாவலில் பொலிஸ் எல்லோரிடமும் முதலில் கேட்பது அதைத்தான். அது இருக்கிறவன் தப்புகிறான், இல்லாதவனுக்கு வியர்க்கிறது. யுத்தகாலத்தில் சோதனைச்சாவடிகளில் வரிசையில் நின்று வயது போன கரை இது. அண்ணைக்குச் சந்தேகமே வரவில்லை.

“அடையாள அட்டை!” என்றார்.

கரை முழுவதும் ஏற்றுக்கொண்டது. கடலுக்குப் போகிறவர்களிடம் மனைவிமார், “அலிபை எடுத்தனீங்களோ?” என்று கேட்கத் தொடங்கினார்கள்.

பொறுக்கமாட்டாமல், பெட்டி மூடியில் கிடந்த அகராதியை எடுத்துப் படித்துக் காட்டினேன். குற்றம் நடந்தபோது தான் வேறிடத்தில் இருந்ததற்கான சாட்சி என்று போட்டிருந்தது.

அண்ணை தாடையைச் சொறிந்தார். “அப்ப என்ன பிழை? எங்களிட்ட அட்டை கேட்டதும் அதுக்குத்தானே? ஏதும் நடந்த இடத்தில நாங்கள் நிக்கேல்லை எண்டு காட்டத்தானே?”

அகராதியைத் திரும்பவும் மூடியின் மேல் வைத்தேன்.

இப்போது அந்த நாவல் கடைசி அத்தியாயம் இல்லாமல் கிடக்கிறது. வேறு புத்தகம் கொடுத்தால், “இதை முடிக்காம மற்றதைத் தொடமாட்டன்” என்கிறார். கதை நின்றுவிட்டது. ஐஸ் நேரத்துக்குக் கிடைக்கிறது, மீனும் பழுதாவதில்லை. ஆனாலும் பின்னேரத்தில் ஒருவரும் வீட்டுக்குப் போவதாக இல்லை. அந்தப் பெட்டியைச் சுற்றிச் சும்மா நின்றுவிட்டு, இருட்டியபின் போகிறோம், ரிலக்டன்ட்டாக.

செயலாளரே, எத்தனையோ வருடமாக ஆடிய உங்கள் வாசிகசாலைக் கந்தோர்க் கதிரை இப்போது ஆடுவதில்லை. நாங்கள் உள்ளே வந்தால் நீங்கள் அதைவிட்டு எழும்புவதுமில்லை. கொலைகாரன் யாரென்று எங்களுக்குச் சொல்லவேண்டாம், அதை அண்ணைதான் பிடிக்கவேண்டும். கதிரைக் காலுக்குக் கீழே மடித்து வைத்திருப்பதை எடுத்துக் கொடுங்கள், போதும். நான் கிழிக்கவில்லை என்கிறீர்களா? அப்படியென்றால் இதே பத்திரிகையில், ஊரே படிக்கப் பதில் எழுதுங்கள்: உங்கள் அலிபை எங்கே?